கொட்டாய்ப் பாட்டு நிற்கிற இடம்

உனக்கு,

இன்று காலை உங்கள் தெருமுனை திரும்பும்போதே வாசனை வந்துவிட்டது. மைதாவைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சும்போது வருமே, பாதி கஞ்சி மாதிரி, பாதி புதிதாக ஒட்டின போஸ்டர் மாதிரி, அந்த வாசனை. அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் விழுந்ததும் மூக்கின் உள்பக்கம் லேசாக உறுத்தும். உன் அம்மா நட்சத்திரம் ஒட்டுவதற்குப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். மூங்கில் சிம்புகளைச் சேர்த்துக் கட்டி சுவரில் சாய்த்து வைத்தாயிற்று. சிவப்பும் மஞ்சளுமாகக் கலர் தாள் பாயில் விரித்துக் கிடந்தது. பறக்காமல் இருக்க ஒரு பக்கம் அரிவாள்மனை, இன்னொரு பக்கம் உன் ஜியாமெட்ரி பாக்ஸ்.

"கடையில பிளாஸ்டிக் ஸ்டாரு விக்கிதும்மா, உள்ள லைட்டோட. எதுக்கு இவ்ளோ வேல?" என்றேன்.

"அதுல பசை வாசனை வராதே," என்றார், கரண்டியை நிறுத்தாமல்.

நீ போன பிறகு அந்த வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. இந்த வருஷம்தான் மறுபடியும். ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் இருந்தால் நீ பாதியிலேயே குறுக்கே பேசி, முடிவை நீயே சொல்லிவிடுவாய். இப்போது நான் முதலிலிருந்து கடைசி வரை சொல்லலாம். உன்னிடம் நான் இவ்வளவு நேரம் பேசுவது இதுதான் முதல் தடவை.

உன்னைத் தெரிவதற்கு முன்பே எனக்கு அந்தப் பாட்டைத் தெரியும். எங்கள் வீடு ஏரிக்கரைப் பக்கம். உங்கள் சர்ச்சுக்கும் எங்களுக்கும் நடுவே வயல்தான். மழை ஓய்ந்து நெல் பால் பிடிக்கிற சமயத்தில் சர்ச் கூரையில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். சாயந்தரம் ஆனால் கேசட் ஓடும். அந்தக் கேசட்டில் இருந்த பாட்டுகளில் எனக்கு ஒன்றுதான் மனதில் நின்றது. மாட்டுக் கொட்டகையில் பாலகன் பிறந்ததைச் சொல்வதால் ஊரே அதைக் கொட்டாய்ப் பாட்டு என்றுதான் சொல்லும்.

"கொட்டாயில வெளக்கெரியுது, யாரு வந்திருக்கா?" என்று சில பெண்கள் கேட்பார்கள். "வைக்கோல் மேல படுத்திருக்கும் ராசா வந்திருக்கார்," என்று மற்ற பெண்கள் பதில் சொல்வார்கள். இரண்டாவது சரணத்தில் ஆடு நிற்கும், மாடு நிற்கும், அதற்கப்புறம் "அம்மா மடியில" என்று ஆரம்பித்து, சட்டென்று நின்றுவிடும். ஒன்றுமே கேட்காது. தவளைச் சத்தம்தான் கேட்கும். கரண்ட் போய்விட்டது போல என்று சின்ன வயதில் நான் வாசலுக்கு ஓடிப் பார்ப்பேன். ஸ்பீக்கர் பக்கம் லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும். மூச்சை இழுத்து விட்டு மறுபடி இழுப்பதற்குள் 'டக்'கென்று ஒரு தட்டு. உடனே, "தூங்குது பாலகன்" என்று பாட்டு விட்ட இடத்திலிருந்து வரும். முடிந்துபோயிற்று என்று நினைத்தது திரும்பி வருவதில் எனக்கு ஒரு சந்தோஷம். அதற்காகவே தினமும் அந்த நேரத்துக்கு வாசலில் நிற்பேன்.

பிறகு நாம் காஞ்சிபுரத்துக்குக் காலேஜ் போக ஆரம்பித்தோம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடி மேல் நீ உட்கார்ந்து, என்னையும் இழுத்து உட்கார வைப்பாய். சூடு தாங்காது. "எறங்கும்போது வெந்துடுவோம்டி," என்று நான் முனகினால், "பரவால்ல, நாஷ்டா சாப்புடாம வந்தேன், என்னையே சாப்டுக்கறேன்," என்பாய். நான் யாரிடமும் பேசமாட்டேன். கண்டக்டரிடம் சில்லறை கேட்கக்கூட நீதான் வேண்டும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அங்கே என்ன பேசவேண்டும், எப்படிப் பேசவேண்டும் என்று வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. அதனால் பார்த்துக்கொண்டே இருப்பேன். நீ என் பங்குக்கும் சேர்த்துப் பேசினாய்.

இயர்போனில் ஒரு பக்கம் உனக்கு, ஒரு பக்கம் எனக்கு. உலகத்துக் கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் எங்கே பிறந்தது என்று தேடுவது உன் பைத்தியம். பனி கொட்டுவதைப் பற்றின ஒரு பாட்டை, கொளுத்துகிற வெயிலில் வேர்த்து வழிந்துகொண்டு எழுதினார்களாம். மணி குலுங்கிப் போகும் ஒரு வண்டிப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற வார்த்தையே கிடையாதாம். இன்னொரு பாட்டின் மூலத்தட்டு, பிரதி எடுத்து எடுத்தே தேய்ந்துபோய், அதே பாடகர் வருஷங்கள் கழித்துத் திரும்ப வந்து அதே மாதிரி பாடிக் கொடுத்தாராம். "நாம கேக்கறது ரெண்டாவது வாட்டி பாடினதுடி. மொத வாட்டி பாடினது தேஞ்சே போச்சு," என்று நீ சொன்னபோது பஸ் திருமுக்கூடல் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் இருந்ததா, மணல்தானா என்று நினைவில்லை. உன் முகம் மட்டும் நினைவில் இருக்கிறது.

"எந்தப் பாட்டும் ஒழுங்கா கிறிஸ்துமஸுக்குன்னு மாளிகையில பொறக்கலடி. எல்லாம் கொட்டாயில பொறந்ததுதான்," என்றாய்.

அப்போதுதான் நான், எப்போதும் போல மெதுவாக, கேட்டேன்: "நம்ம கொட்டாய்ப் பாட்டு?"

உனக்குப் பதில் தெரியவில்லை. அது உன்னால் தாங்க முடியாத விஷயம்.

பாட்டைக் கட்டியது அந்தக் காலத்தில் சர்ச்சில் இருந்த உபதேசியார் என்றும், அவர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார் என்றும் தெரிந்தது. அதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. ஆனால் நடுவில் ஏன் நிறுத்துகிறோம் என்று கேட்டால் ஊருக்கு ஒரு பதில் இருந்தது. நம் ஊரில், குழந்தை தூங்கட்டும் என்று. பக்கத்து ஊரில், மேய்ப்பர்கள் வந்து சேர வேண்டாமா, அதற்காக என்று. உங்கள் தெருவில் மட்டும், அந்த வருஷம் யார் வீட்டிலாவது சாவு விழுந்திருந்தால், அந்த வாசலில் நிறுத்தம் அவர்களுக்கு என்று. வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்கள் அந்த இடத்தில் டிரம் குச்சியைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். பிறகு டிரம்மின் விளிம்பில் ஒரே ஒரு தட்டு. அப்புறம்தான் "தூங்குது பாலகன்". தட்டாமல் ஆரம்பித்தால் கிழவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

உன் அப்பாவின் அக்கா, வாலாஜாபாத் அத்தை, ஒருத்தர்தான் எதிர்க்கட்சி. கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கேசட்டில் பாடிய பெண்களில் அவரும் ஒருவர். கிறிஸ்துமஸுக்கு வரும்போதெல்லாம், "நாங்க பாடும்போது இந்த நிறுத்தல் கெடையாது, தட்டும் கெடையாது. நீங்களா சேத்துக்கினீங்க," என்பார். "உனக்கு வயசாயிடுச்சுக்கா, மறந்துட்ட," என்று உன் அப்பா சிரிப்பார். அத்தை கோபித்துக்கொண்டு பலகாரத் தட்டைத் திருப்பி வைப்பார்.

"ரெண்டு பேருமே பொய் சொல்லல. அப்ப நடுவுல இன்னா நடந்துச்சு?" என்று நீ கிளம்பினாய். ரெக்கார்டு செய்தவர் ஏகாம்பரம் என்ற மைக்செட்காரர் என்று அத்தை சொன்னார். அவர் இப்போது தென்னேரியில் மகள் வீட்டோடு இருக்கிறார் என்றும் விசாரித்துக்கொண்டு வந்தாய். ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

அந்த மத்தியானம் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. ஏகாம்பரம் ஐயா கட்டிலில் உட்கார்ந்து ஒரு பழைய மைக்கைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"என் ரெக்கார்டிங்குல தப்பா? ஏம்மா, இந்தச் சுத்துப்பட்டுல எந்தத் திருவிழா என் செட்டு இல்லாம நடந்துச்சு? என் மெஷின்ல ஒரு கொற சொல்ல முடியாது."

"பெரிப்பா, சண்டைக்கு வரல. கேளுங்க மொதல்ல," என்று கேசட்டிலிருந்து போனில் பதிந்து வந்ததைப் போட்டாய். பாட்டு நின்றது. 'டக்'கென்றது. அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது.

"ஏய், அது என் ஆம்ப்ளிஃபயரு! கரண்டு வந்தா அப்படித்தான் ஒரு தட்டு தட்டும் அது. எங்க இருந்தாலும் கண்டுபுடிச்சிடுவேன்."

அப்புறம் அவரே சொன்னார். அன்றைக்கு ரெக்கார்டு செய்யும்போது, சரியாக அந்த வரியில், கரண்ட் போயிருக்கிறது. இவர் கையைத் தூக்கியிருக்கிறார். பெண்கள் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயருக்குக் கார் பேட்டரி ஒயரை எடுப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. கையை இறக்கியிருக்கிறார். விட்ட இடத்திலிருந்து பாடியிருக்கிறார்கள்.

"கரண்டு போச்சுன்னா டேப்பும்தானே நிக்கும்? வந்தா மறுபடி ஓடும். ஒட்டுப் போட்ட மாதிரி பாட்டு சேந்துடும்னு வுட்டுட்டேன். மறுபடி போட்டுக்கூட பாக்கல."

"டேப்பு நிக்கலியே பெரிப்பா. ஓடிக்கினே இருந்திருக்குது. அதானே அந்த எடம் காலியா கீது?"

"அது எப்படி ஓடும்? கரண்டே இல்லன்றேன்."

உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சரோஜா அம்மா, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஏன் ஓடாது? என் டார்ச்சு லைட்டுல இருந்த பேட்டரிய கழட்டிக்கினு போனியே, அத இன்னா பண்ண?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கட்டிலில் வைத்தார்.

"சர்ச்சுக்கு ரெக்கார்டு பண்ணப் போறேன், கரண்டு போனா ஒதவும்னு டேப்புல போட்டுக்கினு போன. நான் அன்னிக்கி இருட்டுல கொல்லைக்குப் போயி தேள மிதிச்சேன். இன்னிக்கி வரைக்கும் ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"போட்டேன்... போட்டேன்டி... மறந்தே பூட்டேன்," என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆம்ப்ளிஃபயர் செத்துக் கிடந்த நேரமெல்லாம் டேப் அந்தப் பேட்டரியில் ஓடி, ஒன்றுமில்லாததை ஒழுங்காகப் பதிந்துகொண்டிருக்கிறது. அதைத்தான் பிரதி எடுத்துச் சுற்றுவட்டார சர்ச்சுகளுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். பாடின பெண்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். பின்னால் வந்த பிள்ளைகள் கேசட்டைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். கேசட் நின்ற இடத்தில் நின்றார்கள். கேசட் தட்டின இடத்தில் தட்டினார்கள்.

நீ சிரித்த சிரிப்பில் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த நாய் எழுந்து வெளியே போயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தாய். அவர்தான் பாவம், "வெளிய சொல்லிடாதீங்கம்மா. இன்னும் ரெண்டு மூணு எடத்துல செட்டு போட்டுக்கினு கீறேன். பேரு கெட்டுடும்," என்றார்.

"சொல்ல மாட்டோம் பெரிப்பா. ஆனா பாருங்க, நீங்க பாடாமயே அந்தப் பாட்டுல கீறீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ பேசவே இல்லை. எனக்கு அது பயமாக இருந்தது. "உன் அத்த சொன்னது சரியாயிடுச்சே. இனிமே நிறுத்தாம பாடச் சொல்லலாமா?" என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அத்தைக்கு மட்டும் சொல்லிடலாம். ஆனா நிறுத்தத்த எடுக்கச் சொல்ல மாட்டேன்டி. அது கரண்டு போனதால வந்ததுதான். ஆனா இத்தினி வருசமா ஜனங்க அதுல வந்து நிக்கிறாங்களே, அவங்க நின்னது பொய்யா?"

அத்தையிடம் சொன்னோம். கட்சி ஜெயித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அந்தக் கிறிஸ்துமஸில் பாட்டு நின்றபோது அவரும் மற்றவர்களோடு பேசாமல் நின்றார். நீ என் விலாவில் இடித்துக் காட்டினாய்.

அதே வருஷம்தான் வகுப்பில் எனக்கு செமினார் வந்தது. எழுதி, மனப்பாடம் செய்து, உன் முன்னால் ஒப்பித்தும் காட்டியிருந்தேன். மேடையில் ஏறி "அனைவருக்கும்" என்றதோடு நின்றுவிட்டது. அடுத்த வார்த்தை வரவில்லை. முன் பெஞ்சில் சிரிப்பு ஆரம்பித்தது. என் காது அடைத்துக்கொண்டது. அப்போது பின் பெஞ்சிலிருந்து 'டக்'கென்று ஒரு தட்டு. நீ பேனாவால் பெஞ்சு விளிம்பில் தட்டினாய். என்னைப் பார்க்கக்கூட இல்லை. "வணக்கம்" என்று வந்துவிட்டது, அதன் பின்னாலேயே மற்றதெல்லாம்.

வெளியே வந்ததும் சொன்னாய்: "நின்னா நில்லு, தப்பில்ல. ஒண்ணு தட்டு. ஆரம்பி."

நீ அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டு சொன்னாய்.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது உனக்குத் தெரியும். அதற்கு அடுத்து வந்த டிசம்பரைத்தான் உனக்குத் தெரியாது.

உங்கள் வாசலில் விளக்குக்கூடப் போடவில்லை. உன் அம்மா பேச்சையே விட்டிருந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், உட்காரச் சொன்னால் உட்காருவார். கேரல் ரவுண்ட்ஸ் உங்கள் வீட்டுக்கு முன்னால் வந்ததும் நிற்பதா, தாண்டிப் போவதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் இருந்தேன். யாரோ மெதுவாகக் கொட்டாய்ப் பாட்டை ஆரம்பித்தார்கள். "அம்மா மடியில" என்று வந்து, பாட்டு நின்றது.

அப்போது உன் அம்மா வெளியே வந்து வாசல்படியில் நின்றார். கண்ணை மூடியிருந்தார். தட்டு வரவேண்டிய நேரம் வந்தது. தட்டவில்லை. குச்சி மேலேயே நின்றது. வயலில் தவளை கத்தியது. ஒரு கைக்குழந்தை சிணுங்கி அடங்கியது. அவ்வளவு நீளமாக அந்தப் பாட்டு எந்த வருஷமும் நின்றதில்லை. பிறகு உன் அம்மா கண்ணைத் திறந்தார். அதற்கப்புறம்தான் 'டக்'. முடிந்ததும், "டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்கப்பா," என்றார். நீ போன பிறகு அவராகப் பேசின முதல் பேச்சு அதுதான்.

அதிலிருந்து வருஷாவருஷம் அவர் அந்த இடத்துக்காக வாசலில் வந்து நிற்கிறார். மற்றப் பாட்டுக்கெல்லாம் உள்ளேயே இருப்பார்.

நான் இப்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு மாடியில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். கல்யாண வீடியோவுக்கு எடிட்டிங், மிக்சிங். பேச வேண்டியதில்லை, பார்த்தால் போதும் என்பதால் பிடித்திருக்கிறது. அங்கேதான் இந்த மாத ஆரம்பத்தில் டேவிட் அண்ணன் வந்தார். ஒரகடத்தில் கம்பெனி வேலை, மற்ற நேரமெல்லாம் சர்ச்சில் கீபோர்டும் டிரம்மும். ஞாபகம் இருக்கும் உனக்கு, நீ ஒருமுறை சுதி தப்பிப் பாடினதற்குக் குச்சியால் துரத்தினவர்.

"நம்ம கொட்டாய்ப் பாட்ட நல்லா ரெக்கார்டு பண்ணி யூடியூபுல போடணும்மா. கேசட்டெல்லாம் போச்சு. வுட்டா எவனாவது அவன் பாட்டுன்னு போட்டுக்குவான்," என்றார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அடுத்து சொன்னார்: "அந்த நடுவுல வர்ற கேப்பு மட்டும் வேணாம். கேக்கறவன் நெட்டு போயிடுச்சுன்னு நெனச்சித் தள்ளி வுட்டுடுவான்."

நான் தலையாட்டினேன். எனக்கு அதுதானே தெரியும்.

மேரி அக்காவோடு சர்ச்சில் பாடுகிற எல்லோரும் ஸ்டுடியோவுக்கு வந்து பாடினார்கள். "அம்மா மடியில" என்றதும் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள்.

"இன்னா மேரிக்கா, நிக்காதீங்கன்னு சொன்னேன் இல்ல?"

"நாங்க எங்கடா நின்னோம்? பாட்டு நின்னுச்சு," என்றார் மேரி அக்கா.

மறுபடி. மறுபடியும் நின்றது. கடைசியில் டேவிட் அண்ணன் முன்னால் நின்று கையை வீசிக்கொண்டே இருக்க, ஒரே மூச்சில் தாண்டிப் பாடினார்கள். அவர்கள் போனபின் நான் தனியாகப் போட்டுக் கேட்டேன். நன்றாக இருந்தது. எங்கும் தடுக்காமல் போயிற்று. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. நாம் கேசட்டைக் கேட்டுக் கற்ற மாதிரி, இனிமேல் பிள்ளைகள் இதைக் கேட்டுத்தான் கற்பார்கள். இன்னும் சில வருஷத்தில் உங்கள் வாசலில் ஒரே மூச்சில் பாடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். உன் அம்மா வெளியே வருவதற்குள் அந்த இடம் தாண்டிப் போயிருக்கும்.

சொல்ல வேண்டியது நீ. நீ இல்லை. விஷயம் தெரிந்தவர்களில், அந்த ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

முதலில் தென்னேரிக்குப் போன் செய்தேன். நானேதான் செய்தேன், நம்பு. சொல்ல மாட்டோம் என்று நாம் வாக்குக் கொடுத்திருந்தோமே. சரோஜா அம்மா எடுத்தார். அந்த ரகசியத்தை இப்போது வெளியே சொல்லலாமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் போன் கை மாறியது.

"சொல்லிக்கோம்மா," என்றார் ஏகாம்பரம் ஐயா. "இப்ப ஆம்ப்ளிஃபயரே வித்தாச்சு, பேரு கெட்டா இன்னா? அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு எங்க, அது பேசாதா?"

சொன்னேன். பிறகு, "நீயே சொல்லு அப்ப. பேட்டரி இவளுதுன்னும் சொல்லிடு. இல்லன்னா வூட்ல இருக்க முடியாது," என்றார்.

டேவிட் அண்ணன் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். செமினார் மேடை மாதிரியே காது அடைத்துக்கொண்டது. மேஜை விளிம்பில் விரலால் ஒரு தட்டு தட்டினேன்.

கரண்ட் போனது, டேப் ஓடினது, டார்ச் பேட்டரி, தேள் எல்லாவற்றையும் சொன்னேன். கேசட்டிலிருந்து நீ போனில் பதிந்ததில் அந்த இடத்தையும் போட்டுக் காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப நான் சொன்னதுதான் கரெக்டு. மிஸ்டேக்குதானே அது?"

"மிஸ்டேக்குதான் அண்ணா."

"அப்புறம் இன்னா? வுடு, இப்படியே முடிச்சுடு."

மறுபடி நின்றுவிட்டேன். அவர் கிளம்ப எழுந்து கதவைத் திறந்துவிட்டார். மறுபடி ஒரு தட்டு.

"அண்ணா, அவ நம்மள வுட்டுப் போனாளே, அந்த வருசம் அவங்க வூட்டு வாசல்ல டிரம்மு அடிச்சது யாரு?"

"நான்தான். ஏன்?"

"ஏன் அவ்ளோ லேட்டா தட்டுனீங்க?"

கதவைப் பிடித்தபடியே நின்றார். கீழே பஸ் ஸ்டாண்டில், "காஞ்சிபுரம், காஞ்சிபுரம்" என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். டேவிட் அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அவங்க அம்மா கண்ண மூடிக்கினு நின்னாங்க. தொறக்கட்டும்னு இருந்தேன்," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே என் மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டினார்.

"ஞாயித்துக்கெழம எல்லாரையும் மறுபடி வரச் சொல்றேன். கேக்கறவன் நெட்டு போயிடுச்சுன்னு நெனச்சா நெனச்சிட்டுப் போறான்."

மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை யாரும் கையை வீச வேண்டியிருக்கவில்லை. அந்தத் தட்டுக்கு மட்டும் நான் டிரம்மை வைக்கவில்லை. நீ பதிந்த அந்தக் கேசட் ஒலியிலிருந்து ஏகாம்பரம் ஐயாவின் ஆம்ப்ளிஃபயர் தட்டையே எடுத்து, இரைச்சலைக் கொஞ்சம் குறைத்து, அங்கே வைத்தேன். உனக்குப் பிடித்த கதைதான் இது: மூலம் தேய்ந்துபோய், அதே பாட்டு இரண்டாவது தடவை பாடப்பட்டது. ஆனால் முதல் தடவையிலிருந்து ஒரு துளி உள்ளே இருக்கிறது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது 'முதல் ஒலிப்பதிவு: ஏகாம்பரம்' என்று போட்டேன். அதற்குக் கீழே 'பேட்டரி: சரோஜா'. பார்க்கிறவர்களுக்குப் புரியாது. நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பாய்.

உன் அம்மாவுக்கு என் போனில் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். அந்த இடம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும், "நிறுத்தம் கொஞ்சம் கம்மியா கீதே," என்றார்.

"போனுக்கு அவ்ளோதாம்மா. வாசல்ல வந்து பாடும்போது டேவிட் அண்ணன் பாத்துப்பாரு."

"பாத்துக்குவான்," என்றார். எழுந்து போய், பரண் மேல் மூங்கில் சிம்பைத் தேட ஆரம்பித்தார். அடுத்த நாள் காலை, தெருமுனையில் எனக்கு அந்தப் பசை வாசனை.

சாயந்தரம் ஆகப்போகிறது. நட்சத்திரம் காய்ந்துவிட்டது. ஒரு முனை கொஞ்சம் கோணல், அது நான் ஒட்டினது. விளக்கு மாட்டியாயிற்று. சர்ச் பக்கம் டிரம்மைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். உன் அம்மா டீக்குப் பால் வாங்கி வைத்திருக்கிறார், ஊருக்கே போதும் போலிருக்கிறது. இந்தத் தடவை என்னை நடுவில் நின்று பாடச் சொல்லியிருக்கிறார் மேரி அக்கா. முடியாது என்று சொல்ல வாயெடுத்து, சரி என்று சொல்லிவிட்டேன்.

"அம்மா மடியில" வரைக்கும் பாடுவேன். பிறகு நிற்பேன், எல்லோரோடும். அந்த நேரம் முழுக்க உனக்குத்தான். அதற்கப்புறம் ஒரு தட்டு வரும், எனக்குத் தெரியும்.